தாத்தா எந்த நாடு? - 1962ம் 'மாகாம்' நாவலும்

இந்திய-சீனப் போர் என்றதும் நம்மில் பலருக்கு நினைவு வருவது பள்ளிப் பாடத்தின் ஒரு பத்திதான். 1962 அக்டோபர் 20ல் சீனா தாக்கியது, நவம்பர் 21ல் தானாகவே போர்நிறுத்தம் அறிவித்தது, கிருஷ்ண மேனனின் பதவி போனது, நேரு உடைந்து போனார். தமிழ்நாட்டுப் பெரியவர்களைக் கேட்டால் போர் நிதிக்குப் பெண்கள் வளையலைக் கழற்றிக் கொடுத்த கதையைச் சொல்வார்கள். அரசியல் பேசுகிறவர்கள், அண்ணா திராவிட நாடு கோரிக்கையை ஓரம் வைக்க இந்தப் போர் ஒரு காரணம் என்பார்கள்.

அதே மாதத்தில் இந்தியாவுக்குள்ளேயே, இந்தியாவில் பிறந்து வளர்ந்த சில ஆயிரம் பேரைப் போலீஸ் வீடு வீடாகப் போய்க் கூட்டிக்கொண்டு போனது. இந்தக் கதை பாடப்புத்தகத்தில் இல்லை. 2010ல் அசாமிய மொழியில் ஒரு நாவல் வந்த பிறகுதான் அசாமிலேயே பலருக்கு இது தெரிய வந்தது. நாவலின் பெயர் 'மாகாம்'. எழுதியவர் ரீட்டா சௌத்ரி. 2008ல் வேறொரு நாவலுக்காக சாகித்ய அகாதமி விருது வாங்கியவர்.

மாக்கும் என்பது மேல் அசாமில் தின்சுகியாவுக்குப் பக்கத்தில் உள்ள சிறிய ஊர். உள்ளூர்க்காரர்கள் வாயில் மாகாம். அங்கே 'சீனாப்பட்டி' என்று ஒரு குடியிருப்பு இருந்தது. தச்சுப் பட்டறை, மளிகைக் கடை, மெக்கானிக் ஷெட், பள்ளிக்கூடம், கிளப் என்று நன்றாக இருந்த இடம். அசாமின் மூலையில் சீனர்கள் எப்படி வந்தார்கள் என்று பார்த்தால் அதற்குப் பின்னால் ஒரு வியாபாரக் கணக்கு இருக்கிறது.

1833 வரை சீனத் தேயிலை வியாபாரம் முழுக்கக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏகபோகம். அந்த ஆண்டு சாசனச் சட்டம் அதை ஒழித்தது. சீனாவை நம்பியிருந்தால் இனி லாபம் இல்லை, சொந்தமாகப் பயிரிட வேண்டும் என்று 1834ல் பெண்டிங்க் பிரபு ஒரு தேயிலைக் குழு அமைத்தார். அசாம் காட்டில் தேயிலைச் செடி தானாகவே வளர்ந்து கிடந்தது. ஆனால் இலையைப் பக்குவம் செய்து தூளாக்கும் வித்தை சீனர்களுக்குத்தான் தெரியும். ஆகவே சீனத் தொழிலாளர்களைக் கொண்டு வந்தார்கள். 1839 ஜனவரியில் லண்டனில் ஏலம் போன முதல் அசாம் தேயிலை வெறும் 8 பெட்டி. அதே வருடம் அசாம் கம்பெனி தொடங்கியது.

கம்பெனி அடுத்து செய்ததுதான் வேடிக்கை. இன்னும் ஆள் வேண்டும் என்று சிங்கப்பூர், பினாங்கு பக்கம் ஏஜெண்டுகளை அனுப்பினார்கள். அவர்கள் சீன முகமாக இருந்த யாரையும் பிடித்துக் கப்பலில் ஏற்றிவிட்டார்கள். வந்தவர்களில் செருப்புத் தைக்கிறவரும் இருந்தார், தச்சரும் இருந்தார். தேயிலைச் செடியையே வாழ்க்கையில் பார்க்காதவர்கள் பலர். முகத்தைப் பார்த்தே தேயிலை தெரிந்தவன் என்று முடிவு செய்துவிட்டார்கள். நூற்றிருபது வருடம் கழித்து அதே முகத்தைப் பார்த்து உளவாளி என்று முடிவு செய்தார்கள்.

வந்தவர்களில் பலர் கலைந்து போனாலும் ஒரு பகுதியினர் தங்கிவிட்டார்கள். பின்னால் வேறு சீனர்களும் பிழைப்புத் தேடி வந்து சேர்ந்தார்கள். உள்ளூர்ப் பெண்களைக் கட்டிக்கொண்டார்கள். மூன்று நான்கு தலைமுறையில் வீட்டில் பேசுவது அசாமியும் இந்தியும்தான் என்றாகிவிட்டது. பெயர் மட்டும் சீனப் பெயர். சில குடும்பங்களில் அதுவும் இல்லை.

இனி சட்டத்துக்கு வருவோம். 1962 அக்டோபர் 26ல் நாட்டில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. இந்தியப் பாதுகாப்பு விதிகள் வந்தன. போதாதென்று, 1946ம் வருடத்து வெளிநாட்டினர் சட்டத்தின் பிடியை விரித்து ஓர் அவசரச் சட்டம் போட்டார்கள், பிறகு அதுவே முழுச் சட்டமானது. அதன் சாரம் இதுதான். இந்தியாவுடன் போரில் உள்ள அல்லது இந்தியாவை ஆக்கிரமித்துள்ள ஒரு நாட்டின் குடிமகனாக ஒருவர் எப்போதாவது இருந்திருந்தால் அவரை வெளிநாட்டவர் போல நடத்தலாம். அவர் இல்லை, அவருடைய அப்பாவோ அம்மாவோ இருந்திருந்தாலும் போதும். அவர்களும் இல்லை, தாத்தா பாட்டியில் ஒருவர் இருந்திருந்தாலும் போதும்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 1950 ஜனவரி 26க்குப் பிறகு இந்திய மண்ணில் பிறந்த குழந்தை பிறப்பாலேயே இந்தியக் குடிமகன் என்று 1955ம் வருடக் குடியுரிமைச் சட்டம் சொல்லியிருந்தது. அப்படிப் பிறந்த பத்து வயதுப் பிள்ளையையும் தாத்தாவின் ஊரைக் காட்டிக் கைது செய்யலாம் என்று 1962 சட்டம் சொன்னது. சட்டம் ஒன்றை ஒன்று அடித்துக்கொள்ளும்போது ஜெயிப்பது போர்க்காலச் சட்டம்தான்.

நவம்பர் 19ம் தேதி போலீஸ் மாக்குமுக்கு வந்தது. சில நாட்களுக்குத் தேவையானதை மட்டும் எடுத்துக்கொண்டு வாருங்கள், உங்கள் பாதுகாப்புக்காகத்தான் என்று சொல்லிக் கூட்டிப் போனார்கள். அடுப்பில் சோறு இருந்த வீடும் உண்டு. ஷில்லாங், டார்ஜிலிங் பக்கமும் இதே கதை. முதலில் உள்ளூர் ஜெயில், பிறகு ரயில். அசாமிலிருந்து ராஜஸ்தான் வரை ஏழு நாள் பயணம். பெட்டியில் 'எதிரி ரயில்' என்று எழுதியிருந்ததாகவும், வழியில் சில ஸ்டேஷன்களில் கல்லும் செருப்பும் வீசப்பட்டதாகவும் அந்த ரயிலில் போனவர்கள் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்கள். இறக்கிவிட்ட இடம் தேவ்லி. போர் அதற்குள் முடிந்துவிட்டது. ஆனால் முகாம் முடியவில்லை. கடைசி ஆட்கள் வெளியே வர 1967 ஆனது.

தேவ்லிக்கு இது புதிதல்ல. 1941ல் ஜெயப்பிரகாஷ் நாராயண் அடைக்கப்பட்டு உண்ணாவிரதம் இருந்த முகாம் அது. இரண்டாம் உலகப் போரில் சிங்கப்பூர், மலாயாவில் பிடிக்கப்பட்ட ஜப்பானியக் குடும்பங்களையும் அங்கே வைத்திருந்தார்கள். வெள்ளைக்காரன் கட்டியதை அவன் போன பிறகும் அப்படியே பயன்படுத்திக்கொண்டோம்.

சுமார் 3,000 பேர் அங்கே இருந்தார்கள். அசாமின் மழைக்குப் பழகியவர்களுக்கு ராஜஸ்தான் வெயில். வயதானவர்கள் சிலர் அங்கேயே இறந்தார்கள். குழந்தைகள் பிறந்தன. பள்ளிக்கூட வயதுப் பிள்ளைகளுக்குப் படிப்பு போனது. இத்தனைக்கும், அடைக்கப்பட்டவர்களில் பலர் மாவோவின் சீனாவைக் கண்டாலே ஆகாதவர்கள், சியாங் கை ஷேக் ஆதரவாளர்கள். அந்த வேறுபாட்டை விசாரிக்க யாருக்கும் பொறுமை இல்லை. உளவு பார்த்ததாக இவர்களில் யாரையும் நீதிமன்றத்தில் நிறுத்தி நிரூபிக்கவும் இல்லை.

தமிழ்நாட்டுக்கும் இதற்கும் ஒரு தொடர்பு உண்டு. நம் ஆட்களில் பலருக்கு இது தெரியாது. சீனா தன் கப்பல்களை அனுப்பி, வர விரும்புகிறவர்களைக் கூட்டிப் போகிறேன் என்றது. 1963ல் அந்தக் கப்பல்கள் வந்து நின்றது மெட்ராஸ் துறைமுகத்தில். மூன்று நடையாக இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இங்கிருந்துதான் கப்பல் ஏறினார்கள். 'விரும்புகிறவர்கள்' என்ற சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. முகாமில் எத்தனை வருடம் இருக்க வேண்டும் என்று தெரியாத நிலையில், வீடு ஏலம் போய்விட்டது என்று கேள்விப்பட்ட பிறகு, போகிறேன் என்று சொல்வதை விருப்பம் என்று எப்படி எழுதுவது? அப்பாவையும் அம்மாவையும் கப்பலில் ஏற்றிவிட்டு, உறவினர் வீட்டில் இருந்ததால் அசாமிலேயே தங்கிவிட்ட பிள்ளைகள் உண்டு.

அங்கே போனவர்களுக்கு சீனாவும் சொந்த ஊராகவில்லை. மொழி சரியாக வராது. குவாங்டாங், குவாங்சி, யுன்னான் பக்கம் அரசாங்கப் பண்ணைகளில் வேலைக்கு விட்டார்கள். 1966ல் கலாசாரப் புரட்சி தொடங்கியதும் வெளிநாட்டுத் தொடர்பு உள்ளவர்கள் எல்லோர் மேலும் சந்தேகம் விழுந்தது, இவர்கள் மேலும்தான். இந்தியாவில் சீன ஒற்றர், சீனாவில் இந்திய ஒற்றர்.

ரீட்டா சௌத்ரி சில ஆண்டுகள் இந்த மக்களைத் தேடிப் போய்ப் பேசி எழுதிய நாவல் 'மாகாம்'. பெரிய புத்தகம். 'சைனாடவுன் டேஸ்' என்ற பெயரில் ஆங்கிலத்திலும் வந்திருக்கிறது. கதை இரண்டு காலத்தில் ஓடுகிறது. 19ம் நூற்றாண்டில் சீனாவிலிருந்து அசாமின் தேயிலைக் காட்டுக்கு வந்து சேரும் ஹோ ஹான் என்ற ஏழை ஒரு பக்கம். 1962ல் மாக்குமில் ஓர் அசாமிய இளைஞனை மணந்துகொண்ட மெய் லின் மறு பக்கம். அவளைப் போலீஸ் கொண்டு போகிறது, கணவன் இங்கே நிற்கிறான்.

நாவலில் ஹோ ஹானின் பகுதி எதற்கு, நேரே 1962ல் ஆரம்பித்திருக்கலாமே என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால் அந்தப் பகுதி இல்லையென்றால் நாவலே நிற்காது. இவர்கள் யார் என்று கேட்கிறவனுக்கு அதுதான் பதில். தேயிலை என்ற தொழிலை இந்த நாட்டில் தொடங்கி வைத்த கைகள் இவர்களுடையவை என்று காட்டிய பிறகுதான் நவம்பர் 19 வருகிறது. ஒரு குறையும் சொல்ல வேண்டும். காதல் பிரிவின் கண்ணீர் சில இடங்களில் அளவுக்கு மேல் போய், அரசாங்க அலுவலகங்களில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டவர்களைப் பார்வையிலிருந்து மறைத்துவிடுகிறது. ஏலத்தில் அந்தக் கடைகளை வாங்கியவர்களின் மனசுக்குள் இன்னும் கொஞ்சம் போயிருக்கலாம்.

ஏனென்றால் இந்தக் கதையில் சொத்துக் கணக்கு முக்கியமானது. போர் தொடங்கியதும் கல்கத்தாவிலும் பம்பாயிலும் இருந்த பாங்க் ஆஃப் சைனா கிளைகளை அரசு மூடியது. விட்டுப் போன வீடும் கடையும் 'எதிரிச் சொத்து' ஆனது. போர் முடிந்தும் இது ஓயவில்லை. 1968ல் எதிரிச் சொத்துச் சட்டம் தனியாக வந்தது. 2017ல் அதைத் திருத்தி, வாரிசு இந்தியக் குடிமகனாகவே இருந்தாலும் அந்தச் சொத்தைக் கேட்க முடியாது என்று ஆக்கினார்கள். 2018ல் நாடாளுமன்றத்தில் சொன்ன கணக்குப்படி பாகிஸ்தான் போனவர்களின் சொத்து 9,280, சீனர்களுடையது 126. அந்த 126ல் மேகாலயாவில் 57, மேற்கு வங்கத்தில் 29, அசாமில் 7. மூவாயிரம் பேரை அடைத்து வைத்த விவகாரத்தில் ஐந்தாண்டு நடத்திய கடை, பட்டறை, சீட்டுப் பணம், வாடிக்கையாளர் பாக்கி எல்லாம் எந்தப் பேரேட்டிலும் இல்லை. பேரேட்டில் ஏறியது மண்ணும் சுவரும் மட்டும்தான்.

உலகத்தில் இது தனிக் கதை இல்லை. அமெரிக்கா 1942ல் தன் ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேரை முகாமில் அடைத்தது. அதில் பெரும்பாலோர் அங்கேயே பிறந்த குடிமக்கள். அதைப் பற்றி ஜான் ஒகாடா 1957லேயே நாவல் எழுதினார், அப்போது யாரும் சீந்தவில்லை. கனடாவில் ஜாய் கொகாவா 1981ல் எழுதிய 'ஒபாசான்' நாவல் பெரிய பேச்சை உண்டாக்கியது. 1988ல் இரண்டு நாட்டு அரசுகளும் மன்னிப்புக் கேட்டு நஷ்ட ஈடும் கொடுத்தன, அமெரிக்காவில் உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர். தேவ்லியில் இருந்தவர்களில் பலர் இப்போது கனடாவில் இருக்கிறார்கள். டொராண்டோவில் சங்கம் வைத்து அவர்கள் கேட்பது பணம்கூட இல்லை, ஒரு மன்னிப்பு.

தமிழில் இதற்கு நெருக்கமாக ஒரு நாவலைச் சொல்ல வேண்டுமென்றால் அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு', 1977ல் வந்தது. செகந்திராபாத்தில் வளரும் தமிழ்ப் பையன் சந்திரசேகரன். கிரிக்கெட், கல்லூரி, மாடு, ரஜாக்கர்கள் மேல் பயம். 1948 செப்டம்பரில் இந்திய ராணுவம் நுழைந்து ஐந்தே நாளில் நிஜாம் சரணடைகிறார். அதோடு பயப்படுகிறவர்கள் யார், பயமுறுத்துகிறவர்கள் யார் என்பது தலைகீழாகிறது. கடைசிக் காட்சியில் அவன் ஒரு முஸ்லிம் குடும்பத்தின் வீட்டுக்குள் போய்விடுகிறான். அங்கே நடப்பதை இங்கே சொன்னால் படிக்காதவர்களுக்கு அநியாயம். அந்த நாட்களில் நடந்த கொலைகளை விசாரித்த சுந்தர்லால் குழு, இறந்தவர்கள் 27,000 முதல் 40,000 வரை இருக்கலாம் என்று மதிப்பிட்டது. அந்த அறிக்கை பல பத்தாண்டுகள் பொதுமக்கள் கண்ணில் படாமல் கிடந்தது. நாவல் அதற்கு முன்பே வாசகன் கைக்கு வந்துவிட்டது. 'மாகாம்' செய்ததும் இதேதான். அரசாங்கம் பூட்டி வைத்த அறைக்குக் கதைக்காரர் ஜன்னல் வழியாகப் போகிறார்.

அசாம் தூரம். விழுப்புரம் மாவட்டத்திலேயே பார்க்க ஒரு இடம் இருக்கிறது. திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போய், கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரியை நோக்கித் திரும்பினால் வழியில் கீழ்புத்துப்பட்டு. அய்யனார் கோயிலுக்குப் பேர் போன ஊர். விழுப்புரம், திண்டிவனத்திலிருந்தெல்லாம் வேன் பிடித்து வந்து பொங்கல் வைப்பார்கள். அந்த ஊரில்தான் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு அலை அலையாகக் கடல் தாண்டி வந்தவர்களுக்கு மாநிலம் முழுக்க அமைத்த நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் ஒன்று. 2021ல் தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது.

தேவ்லியும் கீழ்புத்துப்பட்டும் ஒன்று என்று சொன்னால் அது பொய். இங்கே முள்வேலி போட்டு யாரையும் அடைக்கவில்லை. அடைக்கலம் கேட்டு வந்தார்கள், கொடுத்தோம். அரிசி, உதவித் தொகை, இப்போது புது வீடுகள். மக்கள் வெளியே போய்ப் பெயிண்டிங் வேலை, கட்டட வேலை பார்த்து வருகிறார்கள். ஆனால் இரண்டுக்கும் அடியில் ஓடிய சட்டம் ஒன்றுதான், அதே 1946ம் வருடத்து வெளிநாட்டினர் சட்டம். செங்கல்பட்டிலும் வேலூரிலும் திருச்சியிலும் 'சிறப்பு முகாம்' என்ற பெயரில், நீதிமன்றம் விடுவித்தவர்களைக்கூட அடைத்து வைக்க உதவியதும் அந்தச் சட்டத்தின் 3வது பிரிவுதான். 1991ல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு முகாம்களில் இருந்த எல்லோர் மேலும் அந்தப் பார்வை விழுந்தது. தலை எண்ணுவது கூடியது, அகதிப் பிள்ளைகளுக்குக் கல்லூரி இடம் கிடைப்பது சில ஆண்டுகள் நின்றே போனது. குற்றம் செய்தவர் சிலர். பதில் சொன்னது மொத்த முகாமும். 1962ல் மாக்கும் பதில் சொன்ன மாதிரி.

முகாம் வாழ்க்கையை உள்ளே இருந்தே எழுதியவர் தொ. பத்திநாதன், 'போரின் மறுபக்கம்' 2007ல் வந்தது. அது கதை அல்ல, சொந்த அனுபவம். ஆனால் வரிசையில் நின்று பெயர் கூப்பிடுவதற்குக் காத்திருப்பது எப்படியிருக்கும் என்பதை எந்த அரசாணையும் அதுபோல் சொல்லாது. ஈழத்து நெருப்பை நாவலாக்கிய ஷோபாசக்தியின் 'கொரில்லா', 'ம்' இரண்டும் பரவலாகப் படிக்கப்பட்டன. கடல் தாண்டி இந்தப் பக்கம் வந்தபின் நடந்ததற்கு அவ்வளவு வாசகர்கள் இல்லை. யாழ்ப்பாணத்தில் நடந்த கொடுமைக்குக் கண்ணீர் விடுவது சுலபம், மரக்காணம் ரோட்டில் நடப்பதைப் பார்ப்பது கொஞ்சம் சங்கடம்.

1946ம் வருடச் சட்டம் இப்போது இல்லை. 2025ல் குடிவரவு மற்றும் வெளிநாட்டினர் சட்டம் வந்து அதை நீக்கிவிட்டது. அதே ஆண்டு செப்டம்பரில், 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள் மேல் கடவுச்சீட்டு, விசா இல்லை என்பதற்காகத் தண்டனை நடவடிக்கை கிடையாது என்று மத்திய அரசு விலக்களித்தது. குடியுரிமை அதில் இல்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இவர்களுக்கு இடம் இல்லை.

முகாமில் பிறந்த பிள்ளைகள் விஷயத்தில் ஒரு தேதி முக்கியம். 1987 ஜூலை 1க்கு முன் இந்தியாவில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பால் குடிமகன். அன்றைக்கோ அதற்குப் பிறகோ பிறந்தவருக்கு பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 1986ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் இந்தத் தேதியைப் பிடித்துக்கொண்டு வழக்குப் போட்டார். அவருக்குக் கடவுச்சீட்டு கொடுக்கச் சொல்லி 2022ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2024 நாடாளுமன்றத் தேர்தலில், 38 வயதில், அவர் முதல் முறையாக ஓட்டுப் போட்டார். அந்தத் தேதியிலோ அதற்குப் பிறகோ முகாம்களில் பிறந்தவர்கள், பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இல்லையென்றால், அந்த வரிசையில் நிற்க முடியாது.